கூட்டற் பொறியின் பேரன்

நாவலாசிரியன் ஒருவனுக்கும் வெண்டிரைக்கும் உள்ள உறவு பெரும்பாலும் தூரத்து உறவாகவே இருந்து வருகிறது. அவன் கதையை எழுதுகிறான். படமுதலாளி அதனை விலைக்கு வாங்குகிறார். நெறியாளர் தமக்கு வேண்டியவாறு அதனைக் குறைத்தும் கூட்டியும் கொள்கிறார். கடைசியில் ஆசிரியனின் பெயர் இரண்டு விநாடி நேரம் திரையில் தோன்றி மறைகிறது. கலியாண வீட்டிலே பெண்ணைப் பெற்றவர் பந்தலின் ஓரத்தில் நின்று பார்ப்பது போல அவனும் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். உலகத்துப் பெரிய நாவலாசிரியர்களிற் பலரை நாம் தெருவிற் கண்டாலும் இன்னார் என்று அறிய மாட்டோம். அவர்களின் குரல் எத்தகையது என்று எண்ணிப் பார்த்ததும் இல்லை.

இந்தப் பொதுவிதிக்குப் புறம்பாக நின்றவர் அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் பரோஸ். அவருடைய நூல்களில் ஒரு பக்கத்தையேனும் படித்திராத பலர் அவருடைய முகத்தை அறிவர். ஒடுங்கிய கன்னங்கள், தலையிலே ஒரு தொப்பி, கழுத்துப் பட்டியும் கோட்டும், காய்ந்த பனையோலை ஒன்றோடொன்று உராய்வது போன்ற ஒரு குரல். 1960களிலிருந்து 1997ஆம் ஆண்டில் அவர் இறக்கும் வரை அந்த முகமும் குரலும் பல படங்களில் இடம்பெற்றன. அவர் மறைந்த பின்னர் வேறு நடிகர்கள் அவராக வேடம் பூண்டு வருகின்றனர். சமூகத்தின் கட்டுக்களையெல்லாம் உடைக்கப் புறப்பட்ட ஒரு தலைமுறையினர் தமக்கு மூத்தவர் என்று கொண்டாடிய இந்த மனிதர், வெண்டிரையில் எதற்குச் சாட்சியாக நிற்கிறார்? இன்று வாசகர்களோடு இதனையே சிறிது பேச விரும்புகிறோம்.

முதலில் அவருடைய வாழ்க்கையைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். பரோஸ் 1914ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ஆந் திகதி, மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரிலே வசதியான குடும்பத்திற் பிறந்தார். அவருடைய பாட்டனார் பெயரும் வில்லியம் பரோஸ்தான். பாட்டனார் கணக்கெழுதும் எழுதுவினைஞர்களின் துயர் தீர்ப்பதற்காகக் கூட்டற் பொறியொன்றை ஆக்கி, 1888இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றவர். உலகத்து வங்கிகளிலும் கந்தோர்களிலும் பின்னாளில் ஒலித்த பரோஸ் கூட்டற் பொறி அவருடைய பெயரையே தாங்கியது. பேரனார் ஹாவாட் பல்கலைக் கழகத்திற் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். பெற்றோர் மாதந்தோறும் 200 டொலர் அனுப்பி வந்தனர். உழைத்துத்தான் உண்ணவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. பூச்சி மருந்து அடிப்பவராகவும், வேறு சில்லறைத் தொழில்கள் செய்பவராகவும் காலங் கழித்தார். 1940களிலே அபின் வகைப் போதைப் பொருட்களின் பிடியில் அகப்பட்டார்.

பின்னர் நிகழ்ந்தது, அவருடைய வரலாற்றை எழுதும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத சம்பவம். 1951ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 6ஆந் திகதி, மெக்சிக்கோ நகரிலே நண்பர்கள் கூடிக் குடித்துக்கொண்டிருந்த வீடொன்றில், பரோஸ் தம் மனைவி ஜோன் வொல்மரின் தலைமீது ஒரு கண்ணாடிக் குவளையை வைக்கச் செய்து, வில்லியம் ரெல் என்ற பழங்கதை வீரன் மகன் தலையிலிருந்த அப்பிளை எய்தது போலத் தாமும் அதனைச் சுட்டு வீழ்த்தப் போவதாகக் கூறிக் கைத்துப்பாக்கியால் சுட்டார். குவளை உடையவில்லை. குண்டு ஜோனின் தலையிற் பாய்ந்தது. முப்பது வயதை எட்டாத அந்தப் பெண் அன்றே இறந்தாள். பரோஸ் 13 நாள் சிறையிலிருந்து, பிணையில் வெளிவந்து, வழக்கு முடியுமுன்னரே நாட்டைவிட்டு நீங்கினார். அவர் இல்லாதபோதே அவருக்கு இரண்டு ஆண்டு ஒத்திவைத்த தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுடைய மகன் பில்லிக்கு அப்போது வயது நான்கு. அவன் சென் லூயிஸ் நகரிலிருந்த பாட்டன் பாட்டியிடம் ஒப்படைக்கப்பட்டான்.

1953இல் ‘ஜங்கி’ என்ற அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. பதிப்பாளர் அதனைத் தனியே வெளியிட அஞ்சி, போதைப் பொருள் தடுப்பு அதிகாரி ஒருவரின் நினைவுக் குறிப்புக்களோடு ஒரே அட்டைக்குள் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி வெளியிட்டார். ஆசிரியரின் பெயரும் வில்லியம் லீ என மாற்றப்பட்டிருந்தது. 1959இல் பரிஸ் நகரிலே ‘நேக்கட் லஞ்ச்’ வெளிவந்தது. முள்ளுக் கரண்டியின் முனையில் இருப்பது உண்மையில் என்னவென்று உண்பவன் மறைப்பின்றிக் காணும் கணத்தையே இத்தலைப்புக் குறிக்கும். ஆபாசம் என்று இந்நூலின் மீது பொஸ்ரன் நகரில் வழக்கு நடந்தது. 1966இல் மசாசூசெற்ஸ் மாநில உயர் நீதிமன்றம் அது ஆபாச நூலன்று என்று தீர்ப்பளித்தது. அன்று தொடக்கம் பரோஸ் ஒரு தலைமுறையின் பெயராகி விட்டார்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அவரைப் போற்றிய இளைஞர்கள் நீண்ட தலைமயிரும் வண்ண ஆடையுமாகத் திரிந்தார்கள். அவரோ வங்கியிலிருந்து பரிசோதனைக்கு வந்த கணக்காய்வாளர் போல, கழுத்துப் பட்டி அணிந்து, வாரிய தலையோடு நின்றார். எதிர்ப்பென்பது உடையில் இல்லை என்பதை அவர் தோற்றமே சொல்லிற்று. அந்த முரண்பாடுதான் கமராவுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு முதற் காரணம் என்பது எமது அபிப்பிராயம்.

இம்மனிதரைப் பற்றி ஓர் ஆசிரியன் ஏன் இவ்வளவு சிரத்தை கொள்ள வேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எமது உயர்தர வகுப்பிலே ஆங்கில இலக்கியத்தில் ஆர்வமுள்ள மாணாக்கன் ஒருவன், பரோஸ் தோன்றிய படமொன்றைக் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டு வந்து, “சேர், போதைப் பொருள் பாவித்தபடியால்தானே அவரால் அப்படி எழுத முடிந்தது?” என்று கேட்டான். கேள்வியில் குறும்பு இருக்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினான். அதனாலேயே அது எம்மைச் சுட்டது. அதே வகுப்பறையில், சில ஆண்டுகளுக்கு முன், முன்வரிசையில் அமர்ந்து அழகிய கையெழுத்தில் கட்டுரை எழுதிய இன்னொருவனை நாம் அறிவோம். அவன் இன்று புனர்வாழ்வு நிலையம் ஒன்றில் இருக்கிறான். அவனுடைய தாயார் எம்மைச் சந்தையிற் கண்டால் பேச்சைத் தவிர்த்து, மரக்கறிக் கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இப்படிப்பட்ட ஊரிலே அந்தக் கேள்விக்கு, “அதெல்லாம் கூடாது தம்பி” என்ற ஒற்றை வாக்கியத்தில் விடையளித்து அனுப்ப எமக்கு மனம் வரவில்லை. நூலையும் படங்களையும் தேடி ஒழுங்காகப் பார்த்த பின்னரே விடை கூறினோம்.

அவனுக்கு முதலிற் கூறியது இது. பரோஸ் மொறொக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் போதையின் உச்சத்தில் இருந்த காலத்தில் எழுதியது மிகச் சொற்பம். அறைக்குள் உட்கார்ந்து, தம் சப்பாத்தின் நுனியை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவரே பதிந்திருக்கிறார். 1956இல் லண்டன் சென்று டாக்டர் டென்ற் என்பவரிடம் வைத்தியம் செய்து, அபின் வகையின் பிடி தளர்ந்து திரும்பிய பின்னரே ‘நேக்கட் லஞ்ச்’ நூலின் பெரும் பகுதியை எழுதினார். அக்காலத்திலும் அவர் கஞ்சாவை விட்டிருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெரும் போதை அவருக்கு எழுத்தைக் கொடுக்கவில்லை. எழுத்தின் காலத்தைத் தின்றது. இவ்வளவும் நூல் வரலாறு. படங்கள் கூறும் சாட்சியம் இதனினும் கூர்மையானது.

பரோஸ் முதன்முதலாகப் படவுலகில் ஊன்றிக் கால் வைத்தது அன்ரனி போல்ச் என்ற ஆங்கிலேய இளைஞரோடு. இருவரும் சேர்ந்து ஆக்கிய ‘ரவர்ஸ் ஓப்பின் ஃபயர்’ என்ற கறுப்பு வெள்ளைக் குறும்படம் 1963இல் வந்தது. அக்காலத்தில் பரோஸும் அவருடைய ஓவிய நண்பர் பிரயன் கைசினும் ஒரு புது முறையைக் கையாண்டு வந்தனர். எழுதிய தாளைக் கத்தரித்து, துண்டுகளை மாற்றி ஒட்டி, வருவதைப் படிப்பது அந்த முறை. மொழி நம்மை அடக்கியாளும் ஒரு கருவி என்றும், சொற்களின் வழக்கமான வரிசையைக் குலைத்தால் அந்த ஆட்சி குலையும் என்றும் பரோஸ் நம்பினார். 1966இல் வெளிவந்த ‘த கட்-அப்ஸ்’ படத்தில் போல்ச் இதனைப் படச்சுருளுக்கே பிரயோகித்தார். நான்கு சுருள்களை ஓரடி நீளத் துண்டுகளாக வெட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மாறி மாறி ஒட்டச் செய்தார். பின்னணியில் ஒரு சில வாக்கியங்களே திரும்பத் திரும்ப ஒலித்தன.

இப்படம் லண்டன் ஒக்ஸ்போட் வீதிப் படமாளிகையொன்றிற் காட்டப்பட்டபோது, வந்தவர்கள் வழக்கத்திலும் கூடுதலான உடைமைகளை மறந்து விட்டுச் சென்றனராம். மாளிகை ஊழியர்கள் கூறியதாகப் போல்ச் இதனைச் சொல்லியிருக்கிறார். சிரிப்பை மூட்டும் செய்திதான். எனினும் ஒரு கலை, பார்ப்போரின் ஒழுங்கான நினைவை உண்மையிலேயே குலைத்தது என்பதற்கு இதனினும் நேரான அத்தாட்சி வேறில்லை. இந்தப் படத்தில் பரோஸ் நடிக்கவில்லை என்றே சொல்லலாம். நடக்கிறார், நிற்கிறார், ஏதோ காரியம் செய்கிறார். அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சலனமில்லாத முகத்திலே பார்ப்பவன் தான் விரும்பியதை எழுதிக்கொள்ளலாம் அல்லவா? பின்வந்த நெறியாளர்கள் பலரும் அப்படியே எழுதிக்கொண்டனர்.

1922இல் சுவீடனிற் தயாரான, சூனியக்காரிகளைப் பற்றிய ‘ஹெக்சன்’ என்ற மௌனப் படத்தைப் போல்ச் 1968இல் புதிதாக வெளியிட்டபோது, பரோஸின் குரல் அதற்கு உரை கூறிற்று. ஏழை மூதாட்டியரைச் சூனியக்காரிகள் என்று பிடித்து வதைத்த நீதிபதிகளின் கதையை, உணர்ச்சி கலவாத அந்தக் குரல் ஒரு கந்தோர் அறிக்கை போலச் சொல்லிச் செல்கிறது. கொடுமையை அழுது சொல்வதைவிட அப்படிச் சொல்வது அதிக அச்சம் தருகிறது.

அடுத்து நாம் குறிப்பிடவேண்டிய படத்துக்கு இலங்கையோடும் ஒரு தொடர்பு உண்டு. கொன்றட் றூக்ஸ் என்ற செல்வந்த அமெரிக்க இளைஞர், குடியிலும் போதையிலும் அழிந்து, பரிஸ் வைத்தியசாலையொன்றிற் சிகிச்சை பெறச் செல்லும் ஒருவனின் கதையை ‘சப்பக்குவா’ என்ற பெயரிற் படமாக்கினார். அது பெரும்பாலும் அவருடைய சொந்தக் கதை. கதாநாயகனாக நடித்தவரும் அவரே. 1966ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் அதற்கு நடுவர்களின் விசேட பரிசு கிடைத்தது. பண்டிதர் ரவி சங்கர் இசையமைத்தார். பரோஸ் அதிலே ‘ஓப்பியம் ஜோன்ஸ்’ என்ற பாத்திரமாக வருகிறார். அபினே ஆள் உருக்கொண்டு, கோட்டும் தொப்பியும் அணிந்து, அழைப்பாணை கொண்டுவந்த ஆளைப் போலப் பக்கத்தில் நிற்பதாக அதனைக் கொள்ளலாம்.

அதே படத்தில் தாடியும் காவியுமாக ஒரு குருவும் தோன்றுகிறார். அவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள செட்டிபாளையத்திற் பிறந்து, இருடிகேசத்துச் சிவானந்தரிடம் 1949இல் சந்நியாசம் பெற்று, 1950களில் திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் ஆச்சிரமம் அமைத்துத் தமிழ் மக்களிடையே தொண்டாற்றியவர். இலங்கையில் இருந்த அவரை நாடி வந்த மேனாட்டாருள் றூக்ஸும் ஒருவர். அவருடைய அழைப்பின் பேரிலே சுவாமிகள் பரிஸ் சென்று, அங்கிருந்து 1966இல் அமெரிக்கா சென்றார். 1969இல் வூட்ஸ்ரொக் இசைவிழாவைத் தொடக்கி வைத்தவரும் அவரே.

பரோஸும் சச்சிதானந்தரும் பிறந்தது ஒரே ஆண்டில், 1914இல். ஒருவர் பெப்ரவரியில், மற்றவர் டிசெம்பரில். ஒரே படத்தில் ஒருவர் நோயின் உருவாகவும் மற்றவர் மருந்தின் உருவாகவும் நிற்கின்றனர். இதைக் கண்டதும், “இதோ, மேற்கு நோய், கிழக்கு மருந்து” என்று பெருமை பேச எமக்கும் ஆசை வரத்தான் செய்தது. ஆனால் படம் அவ்வளவு இலகுவான முடிவைத் தரவில்லை. குருவின் முகம் சிறிது நேரமே வந்து போகிறது. ஓப்பியம் ஜோன்ஸின் முகமே மனத்தில் தங்குகிறது. நோயாளிக்கு மருந்தைவிட நோயே நெருங்கிய உறவு என்பதை அந்தப் படம் தெரிந்தோ தெரியாமலோ காட்டிவிட்டது. எம்முடைய பழைய மாணாக்கனின் தாயாருக்கு இதனை எவரும் விளக்கவேண்டியதில்லை.

பரோஸின் கை படாத இடத்திலும் அவருடைய சொல் படவுலகிற் புகுந்தது உண்டு. அலன் நோர்ஸ் என்பவர் 1974இல் எழுதிய மருத்துவ எதிர்காலக் கதையொன்றைப் படக்கதையாக மாற்ற முயன்ற பரோஸ், 1979இல் ‘பிளேட் றன்னர்’ என்ற பெயரில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். றிட்லி ஸ்கொற் 1982இல் எடுத்த பிரசித்தமான படத்துக்குத் தலைப்பு அங்கிருந்தே வாங்கப்பட்டது. கதை வேறொருவருடையது, பெயர் மட்டும் இவர் வழியாக வந்தது.

இனி, எமது உள்ளத்தை மிகவும் தொட்ட படத்துக்கு வருவோம். நியூயோர்க் பல்கலைக் கழகத்திலே திரைப்படக் கல்வி பயின்ற ஹவாட் புறூக்னர் என்ற மாணவர், 1978இல் தம் பட்டப் பணிக்காகப் பரோஸைப் படம்பிடிக்கத் தொடங்கினார். பின்னாளிற் பெரிய நெறியாளராகிய ஜிம் ஜார்முஷ் அதற்கு ஒலிப்பதிவு செய்தார். 1983இல் ‘பரோஸ்: த மூவி’ என்ற பெயரில் அது முழுமையடைந்தது. புறூக்னர் 1989இல் எயிட்ஸ் நோயினால் இளமையிலேயே இறந்தார். பல்லாண்டு மறைந்து கிடந்த படத்தை அவருடைய குடும்பத்து இளையவர் ஏரன் புறூக்னர் தேடி மீட்க, அது புதுப்பிக்கப்பட்டு 2014இல் மீண்டும் திரைக்கு வந்தது.

அந்தப் படத்திலே பரோஸ் வேடம் பூணவில்லை. பிறந்த ஊருக்குச் செல்கிறார். பழைய நண்பர்களோடு பேசுகிறார். ஜோனின் மரணத்தைப் பற்றியும் சொல்கிறார். அப்போதும் குரல் அதே குரல்தான். ஆயினும் பார்ப்பவனால் இப்போது அந்தக் குரலை ரசிக்க முடியவில்லை. மகன் பில்லியும் அதிலே தோன்றுகிறான். தந்தையைப் போலவே போதையில் வீழ்ந்து, தந்தையைப் போலவே எழுத முயன்று, 1970இலும் 1973இலும் இரண்டு நாவல்களை வெளியிட்டவன். குடியினால் ஈரல் கெட்டு, 1976இல் மாற்று ஈரல் பொருத்தப்பட்டவன். தந்தையும் மகனும் அருகருகே இருக்கும்போது அவர்களிடையே அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதனைச் சொல்லும் மொழி இருவருக்கும் தெரியவில்லை. மொழியைத் துண்டு துண்டாக வெட்டிப் புது உலகம் காண முயன்றவருக்கு, சொந்த மகனோடு பேச ஒரு வாக்கியம் வாய்க்கவில்லை. 1981ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பில்லி இறந்தான். வயது 33. படம் வெளிவந்தபோது அவன் இல்லை.

கஸ் வான் சான்ட் 1989இல் எடுத்த ‘ட்ரக்ஸ்ரோர் கௌபோய்’ படம் வேறு வகையானது. மருந்துக் கடைகளை உடைத்துப் போதை மாத்திரை திருடும் இளைஞர் கூட்டத்தின் கதை அது. கூட்டத் தலைவனாக மற் டிலன் நடித்தார். அவன் மனந்திருந்தி, போதைக்கு மாற்று மருந்தாகிய மெதடோன் பெறும் சிகிச்சையிற் சேர்ந்து, மலிவான விடுதியொன்றில் வாழும்போது, தன் சிறுவயதில் தான் அறிந்திருந்த ஒரு பாதிரியாரை அங்கே காண்கிறான். அவரும் நெடுநாட் போதையடிமை. அந்தப் பாதிரியார்தான் பரோஸ். அப்போது அவருக்கு வயது 75. தம் பகுதிக்கான வசனங்களைத் தம் செயலாளரோடு சேர்ந்து அவரே திருத்தி எழுதிக்கொண்டார். இளைஞன் தன் கைக்கு வந்த கடைசிப் பொட்டலத்தையும் அந்தக் கிழவரிடமே கொடுத்துவிடுகிறான்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஒரு கேள்வியோடு முடிக்கிறார். கள்ளுண்பவன், தான் உண்ணாதிருக்கும் வேளையிலே வேறொருவன் மயங்கிக் கிடப்பதைக் காணும்போது, தன் நிலையும் இதுவே என்று எண்ணமாட்டானா என்பது அதன் கருத்து. அறிவுரை கூறுவதை விட்டு, ஒருவனை இன்னொருவனின் முன்னே நிறுத்திக் காட்டுகிறார் வள்ளுவர். இப்படத்திலும் நிகழ்வது அதுவே. முதியவரை இளைஞன் காண்கிறான்; தன் நாற்பது ஆண்டுக்குப் பிந்திய உருவத்தையே காண்கிறான். அதிலே நடிப்பும் இல்லை. பரோஸ் 1980 முதல் இறக்கும் வரை மெதடோன் சிகிச்சையிலேயே இருந்தவர். முற்றாக விடுபட்டேன் என்று அவர் எக்காலத்தும் மார் தட்டவில்லை. போதை ஒழிப்பு என்ற பெயரால் அரசுகள் பொலிஸ் ஆட்சியை வளர்க்கும் என்று அந்தப் பாதிரியார் எச்சரிப்பதும் உண்டு. அதனை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். ஆனால் அந்த ஒட்டிய முகம் சொல்வதை மறுப்பார் இல்லை.

டேவிட் குறோனென்பேர்க் 1991இல் ‘நேக்கட் லஞ்ச்’ நாவலைப் படமாக்கியபோது, நூலை உள்ளபடியே எடுத்தால் எல்லா நாட்டிலும் தடை விழும் என்று கருதி, நூலோடு ஆசிரியரின் வாழ்க்கையையும் கலந்தார். தாஞ்சியர் நகரில் எடுக்கவிருந்த காட்சிகளை, வளைகுடா யுத்தம் மூண்டமையால், ரொறன்ரோவில் அரங்கமைத்து எடுத்தார். தட்டச்சுப் பொறிகள் வண்டுகளாக மாறிப் பேசும் அந்தப் படத்தில், பீற்றர் வெல்லர் ஆசிரியராகவும் ஜூடி டேவிஸ் அவர் மனைவியாகவும் நடித்தனர். இறுதிக் காட்சியிலே ஒரு நாட்டின் எல்லைக் காவலர் அவரை மறித்து, நீர் எழுத்தாளர் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்கின்றனர். பேனாவைக் காட்டுகிறார், அது போதவில்லை. உடனே வண்டியில் உறங்கும் பெண்ணை எழுப்பி, தலையில் குவளை வைக்கச் சொல்லிச் சுடுகிறார். காவலர் திருப்தியடைந்து வழி விடுகின்றனர்.

பயங்கரமான காட்சி அது. தம் மனைவியின் மரணமே தம்மை எழுத்தாளனாக்கியது என்ற கருத்தைப் பரோஸ் தம் ‘குவியர்’ நாவல் 1985இல் வெளிவந்தபோது அதன் முன்னுரையில் எழுதியிருந்தார். நெறியாளர் அதனை எடுத்துக் கண்ணெதிரே வைத்துவிட்டார். ஒரு பெண்ணின் உயிர்தான் அந்த எழுத்துரிமைக்குச் சுங்கம் என்றால், அந்தச் சுங்கத்தைச் செலுத்தியவர் யார்? படம் இந்தக் கேள்வியைக் கேட்கிறது. அதனாலேயே அது நல்ல படம். ஆனால் பார்த்தவர்களிற் பலர் பேசும் வண்டுகளையே நினைவில் வைத்திருக்கின்றனர்.

பின்வந்த படங்களையும் பார்த்தோம். 2000இல் வந்த ‘பீட்’ என்ற படம் ஜோனை நடுவில் வைத்து அவளுடைய இறுதி நாட்களைச் சொல்ல முயன்றது. 2012இல் வந்த ‘ஒன் த றோட்’ படத்தில் விகோ மோற்றென்சன் பரோஸை ஒத்த பாத்திரமாக வந்தார். 2024இல் லூக்கா குவாடஞ்ஞீனோ ‘குவியர்’ நாவலைப் படமாக்கினார். ஜேம்ஸ் பொண்டாக உலகம் அறிந்த டானியல் கிறெய்க் அதன் நாயகன். ஆண் ஒருவன் இன்னோர் ஆண்மீது கொண்ட நிறைவேறாத அன்பின் கதை அது. அதிலும் கனவுக் காட்சியொன்றில் தலைமீது வைத்த குவளையும் துப்பாக்கியும் வருகின்றன. ஆனால் குவளையைத் தாங்குவது அந்த இளைஞனின் தலை. ஜோன் அப்படத்திலே ஒரு பாத்திரமாகக்கூட இல்லை. எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் குண்டு திரையில் வெடித்துக்கொண்டே இருக்கிறது. குண்டு பட்டவளின் முகம் மட்டும் மெல்ல மெல்ல மறைந்து வருகிறது.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1994இல் நைக் சப்பாத்து நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்திலே பரோஸ் தோன்றினார். மனிதனை ஆட்டிவைக்கும் சக்திகளுக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் எழுதியவர் சப்பாத்து விற்க வந்தது ஏன் என்று அன்றே சிலர் கேட்டனர். முதியவருக்குப் பணம் தேவைப்பட்டிருக்கலாம். அதனை நாம் பெரிது பண்ணவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. அந்த முகம் அதற்குள் ஒரு சின்னமாகி விட்டது. தொப்பியும் குரலும் இருந்தாற் போதும். அவற்றின் பின்னாலிருந்த கதை வேண்டியதில்லை. எமது மாணாக்கன் கைத்தொலைபேசியிற் கண்டதும் அந்தச் சின்னத்தையே.

பாட்டனாரின் கூட்டற் பொறியை எண்ணிப் பார்க்கிறோம். அதன் சிறப்பு, எந்தத் தொகையையும் விடாது கூட்டித் தருவது. நம்மூர்க் கோயில்களில் சித்திரைப் பூரணை நாளிலே சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள். நாம் செய்த நன்மையும் தீமையும் ஒன்றும் தவறாமல் அவருடைய ஏட்டில் எழுதப்படும் என்று சிறுவயதிற் கேட்டு அஞ்சியிருக்கிறோம். அந்த ஏட்டிலே நன்மையைக் காட்டித் தீமையை அழிக்க வழியில்லை. தீமையைக் காட்டி நன்மையை மறுக்கவும் வழியில்லை. இரண்டும் தனித்தனிப் பத்திகளில் நிற்கும். பரோஸ் பெரிய எழுத்தாளர் என்பது ஒரு பத்தி. ஜோனும் பில்லியும் மற்றப் பத்தி. முதலாவதை மட்டும் படிப்பவன் அவரை வீரராக்குகிறான். இரண்டாவதை மட்டும் படிப்பவன் அவருடைய நூல்களை எரிக்கச் சொல்கிறான். இருவரும் கணக்கைப் பாதியில் விட்டவர்களே.

ஆகவே அந்த மாணாக்கனுக்குப் படங்களைப் பார்க்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இணையத்தில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் அப்படிச் சொல்வதாற் பயனும் இல்லை. அடுத்த ஆண்டு பரீட்சை முடிந்ததும் ‘ட்ரக்ஸ்ரோர் கௌபோய்’ படத்தையும், அதன்பின் புறூக்னரின் படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்படி சொன்னோம். முதலாவதில் நடிகராக வரும் அதே முதியவர் இரண்டாவதில் தந்தையாக வருவார். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவா என்றோம். கட்டுரையில் அந்த முதியவரின் தொப்பியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதலாகாது என்றும், பில்லியைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுத வேண்டும் என்றும் கட்டளையிட்டோம். அவன் சிரித்துக்கொண்டு சம்மதித்தான்.

நாவலாசிரியன் திரைக்கு வந்தால் நூல் சொல்லாததையும் அவன் முகம் சொல்லிவிடும் என்பதற்குப் பரோஸ் ஓர் உதாரணம். முகத்தைக் கண்டு மயங்குவதா, முகத்திலுள்ள கணக்கைப் படிப்பதா என்பது பார்ப்பவனைப் பொறுத்தது. படிக்கக் கற்றுக்கொடுப்பது எம்மைப் போன்ற ஆசிரியர்களின் கடன். வீட்டிலே பிள்ளைகளோடு இருந்து படம் பார்க்கும் பெற்றோரின் கடனும் அதுவே.